ஷைனியின் செல்கள்

புதன், இரவு.

காரோடு கிராமத்தில் லில்லி அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். போன மாதம் இரத்த நோயில் இறந்த ஷைனி அவருடைய மூத்த மகள். அவள் இருக்கும்போதே எடுத்துவைத்த எலும்பு மஜ்ஜைச் செல்கள் இரத்தச் சிவப்பணுவாக வளரும் ஒவ்வொரு கட்டத்திலும், அவற்றின் புரதங்களை எங்கள் ஆய்வகத்தில், மூலக்கூறுகளை எடைபோட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளந்தோம். ஒரு புரதம் பாதி வழியிலேயே இல்லாமல் போகிறது. அதுதான் நோய்க்குக் காரணம் என்று இன்றுதான் உறுதியானது.

"நான் ஒழுங்கா ஆகாரம் குடுக்காததுனாலயா மக்கா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. பிறக்கும்போதே உள்ளதாக்கும். அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வரும்."

அக்காவின் முகம் சற்றுத் தெளிந்தது. பிறகு, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த இளையவளைப் பார்த்தார்.

"அப்போ இவளுக்கும் பாக்கணும், இல்லியா?"

"பாக்கணும்க்கா."

நாளை அவளைப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க அழைத்து வருவார். சின்னவளுக்கு ஊசி என்றால் பயமே இல்லையாம். ஷைனிக்குக் குத்துவதைப் பார்த்தே வளர்ந்தவள்.