உன் பல் பதிந்த ரொட்டி

மார்கிலான்,
வியாழக்கிழமை.

என் தங்கம் பர்னோவுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ் கருணையில் நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடுகிறோம். நீ சுகமா என்று இந்தத் தடவை பேச்சுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். போனில் கேட்டால் பக்கத்தில் உன் புருஷன் ஷுக்ரத் நிற்கிறான், நீயும் நல்லா இருக்கேம்மா என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மாஸ்கோவுக்கு வரும் பக்கத்து வீட்டு சலோமத்தின் மகளிடம், உலர் திராட்சைப் பையின் அடியில் வைத்து இதை அனுப்புகிறேன்.

நம் ஃபிரிட்ஜ் கதவு மறுபடியும் மூடவில்லை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன். உங்கம்மா என்னையும் ஒருநாள் இப்படித்தான் கட்டி ஓட்டப் போறா என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். போன வாரம் உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். தட்டு பிளாஸ்டிக், டம்ளர் பிளாஸ்டிக், விரிப்புகூட பிளாஸ்டிக். சாப்பிட்டு முடித்ததும் நாலு மூலையையும் பிடித்துச் சுருட்டினார்கள், பிலாவ் சோறும் எலும்பும் முழு முழு ரொட்டியும் ஒன்றாகக் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. பட்டு உடுப்போடு தொட்டிக்குள் கைவிட்டு, ரொட்டிகளைப் பொறுக்கி, முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி, மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துப் போகட்டும் என்று பையில் போட்டு வேலிக்கம்பியில் மாட்டினேன். அதைப் பார்த்த சலோமத், ரொட்டி என்னடி ரொட்டி, இந்தக் காலத்துப் பொண்ணுங்க புருஷனையே டம்ளர் மாதிரி கசக்கிப் போட்டுட்டு வந்துடுறாளுங்க என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள்தான் நீ வீடியோவில் கூப்பிட்டாய். அவன் கடைக்குப் போயிருந்த அந்த ரெண்டு நிமிஷத்தில், அம்மா, நீ எதையுமே தூக்கிப் போட்டதில்லையே, நானும் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் பாக்கறேன் என்றாய். தலைத்துணி நழுவியபோது காதுக்குக் கீழே நீலம் பாரித்திருந்ததைப் பார்த்துவிட்டேன். கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாயே, கதவுக்கு அஞ்சு விரல் உண்டாடி என் பொண்ணே?

நான் ஒட்டுப் போடுவது சட்டைக்கும் சாமானுக்கும். உன்னை அடிக்கிறவன் வீட்டில் இருந்து ஒட்டுப் போடு என்று நான் எப்போது சொன்னேன்? சொல்லவில்லைதான், ஆனால் அன்றைக்குத் தலையாட்டினேனே, அதுவும் சொன்ன மாதிரிதான். அம்மாவை மன்னித்துவிடு கண்ணு.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கல்யாணமாகிக் கிளம்பிய அன்று, வழியில் பசிக்கும் ஒரு வாய் கடித்துக்கொள் என்று ரொட்டியை நீட்டினேனே. உன் அண்ணன் பட்டாளத்துக்குப் போனபோது ஒரு வாய் கடித்த ரொட்டியை, அவன் நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று சுவரில் மாட்டினோமே, வந்து மிச்சத்தை அவனே தின்றானே, அதே மாதிரி ரொட்டிதான் இதுவும் என்று உனக்கு உறைக்கவில்லை. உன் அத்தை பார்த்துவிட்டாள். கட்டிக்குடுத்த பொண்ணு திரும்பி வரணும்னு வேண்டிக்கிற தாயை இப்பத்தான் பாக்கறேன் என்று எல்லார் முன்னாலும் இடித்தாள். நான் வெட்கப்பட்டு அதை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டேன். மூணு வருஷமாகத் துணிப்பெட்டிக்குள் இருக்கிறது. நேற்று அப்பாவிடம் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆணியும் சுத்தியலும் தேடி எடுத்து, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி கூடத்துச் சுவரில் மாட்டினார். சலோமத் வந்து, பட்டாளத்துக்கு யார் போயிருக்கா, இது யாருக்கு என்றாள். எம் பொண்ணு வர்றா என்றார் அப்பா.

சலோமத்தின் மகளுக்கு எல்லாம் தெரியும், அவள் அம்மாவிடம் மூச்சு விடமாட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறாள், அவளோடு புறப்பட்டு வந்துவிடு. பாஸ்போர்ட் உன் கையில் இருக்கட்டும். துணிமணி எதையும் எடுக்க நிற்காதே. அல்லாஹ் உனக்கு வழித்துணையாக இருக்கட்டும். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா மவ்ஜுதா.