தேவானைக்கு வந்த அழைப்பு

வேளச்சேரி
8-3-1998

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நீ, உன் கணவர், குழந்தை எல்லோரும் சௌக்கியமா? இங்கே நானும் நைனாவும் தங்கை ரத்னாவும் நலம்.

போன வாரம் தி.நகர் கடையில் உன்னைப் பார்த்ததிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. சின்னக் கோபமும் உண்டு. இருபது புடவை பிரித்துப் போட்டேன். நீ ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. நானாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான், "ஏய், தேவானையா!" என்றாய். சூப்பர்வைசர் முறைத்துக்கொண்டே இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. விலாசம் எழுதிக் கொடுத்தாயே, அதுவே போதும்.

பள்ளிக்கூடத்தில் அவ்வளவு ஆசைப்பட்டவள் ஏன் டீச்சர் ஆகவில்லை என்று நீ கேட்காததும் நல்லதாகப் போயிற்று. மற்ற பெண்கள் முன்னால் வெட்கமாக இருந்திருக்கும். உனக்குத் தெரியாததா? ப்ளஸ் டூ முடித்து இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டோம். கால்வாய் ஓரத்துக் குடிசைக்குக் கதவு எண் ஏது? எங்கள் தபாலையெல்லாம் டீக்கடையில் போட்டுவிட்டுப் போவார்கள், பாதி தொலைந்துவிடும். அதனால்தான் மயிலாப்பூரில் உங்கள் வீட்டு விலாசத்தை எழுதச் சொன்னாய். ஒரு வாரம் தினமும் வந்து வாசலில் நின்றேன். உன் அம்மாவும் சலிக்காமல், "ஒண்ணும் வரலையேம்மா. வந்தா எடுத்து வெச்சுத் தரமாட்டேனா?" என்பார்கள். உங்களை எவ்வளவு தொந்தரவு செய்திருக்கிறேன்!

உனக்கும் அழைப்பு வரவில்லை என்றதும் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது நீ டீச்சர் என்று கேட்டபோது நானே ஆனதுபோல இருந்தது. நேரம் கிடைக்கும்போது நாலு வரி எழுது.

என்றும் உன்,
தேவானை

அடையாறு
17-3-1998

அன்புள்ள தேவானை,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் உடனே எழுத முடியவில்லை.

ஒரு விஷயம். எங்கள் பள்ளியில் ஓர் ஆயா வேலை காலியாகிறது. கடையில்போல நாளெல்லாம் நிற்க வேண்டியதில்லை, கோடை விடுமுறையும் உண்டு. தாளாளர் என் அத்தைக்கு வேண்டியவர். நான் சொன்னால் மறுக்க மாட்டார். யோசித்துச் சொல். உன் அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புடன்,
ரஞ்சனி

வேளச்சேரி
22-3-1998

அன்புள்ள ரஞ்சனிக்கு,

நாளெல்லாம் நிற்கும் என் கால்களைப் பற்றி யோசித்தாயே, அதற்கு நன்றி. ஆனால் அந்த வேலை வேண்டாம். ஆயா வேலை கேவலம் என்று நினைக்கவில்லை. எங்கள் அம்மா கடைசிவரை நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியவள். பள்ளிக்கூடத்துக்குள் வந்து, நீ வகுப்பெடுக்கும்போது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என் மனசு அடங்காது. எனக்கு மார்க் பற்றவில்லை, அவ்வளவுதான். அதற்கு யார் என்ன செய்ய முடியும்? தப்பாக நினைக்காதே.

உன்,
தேவானை

அடையாறு
29-3-1998

தேவானை,

உனக்கு மார்க் போதுமான அளவு இருந்தது. அழைப்பு வந்தது.

1991 ஜூலை ஐந்தாம் தேதி வந்தது. தபால்காரரிடமிருந்து வாங்கியது நான். பழுப்புக் கவரில் உன் பேர் இருந்தது. எனக்கு எதுவும் வரவில்லை. அவரை நிறுத்தி, கையில் இருந்த கட்டு முழுக்க இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். பதினொன்றாம் தேதி நேர்காணல் என்று போட்டிருந்தது.

நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். மறுநாள் நீ வந்தாய். நான் உள்ளே இருந்தேன். அம்மா சொன்ன பதிலும் கேட்டது, நீ "சரிங்க மாமி" என்றதும் கேட்டது. நான் வெளியே வரவில்லை. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு நாளும் அப்படியே போயிற்று. பன்னிரண்டாம் தேதி காலை அதைக் கிழித்து வெந்நீர் பாய்லரில் போட்டேன்.

எனக்கு அந்த அழைப்பு வராததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அப்பா ஒருவரிடம் போனில் பேசினார், காலேஜில் இடம் கிடைத்தது. பிறகு பி.எட்., பிறகு அத்தை சொல்லி இந்த வேலை. எனக்கு இத்தனை வழி இருந்தது. உனக்கு அந்த ஒரு கவர்தான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அன்று கடையில் உன் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதல் புடவையிலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. அதனால்தான் நிமிரவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு உனக்கு ஆயா வேலை தருகிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

எந்த உதவி கேட்டாலும் செய்கிறேன். படிக்க வேண்டும் என்றால் அதற்கும் ஏற்பாடு செய்கிறேன்.

ரஞ்சனி

வேளச்சேரி
5-4-1998

ரஞ்சனிக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

91-இல் ஒருநாள் நைனா, "இன்னாம்மா ஆச்சு, லெட்டர் வந்துச்சா?" என்று கேட்டார். "மார்க் பத்தல நைனா" என்றேன். நானே நினைத்துக்கொண்டு சொன்னதுதான். சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன்.

என் கதை மட்டும் என்றால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். 95-இல் குடிசைகளை இடித்து எங்களைக் கால்வாய் ஓரத்திலிருந்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். ரத்னா அப்போது ஒன்பதாவது. கணக்கில் என்னைவிடக் கெட்டி. பழைய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அனுப்பலாமா என்று நைனா என்னைத்தான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கிளாஸ்லயே நான்தான் ஃபஸ்ட்டு. எனுக்கே இன்னா கெடச்சுது? இவள எதுக்கு பஸ் ஏத்தி அனுப்சிக்கினு? கடையில சேத்து வுடு நைனா." ரத்னா மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் நிறுத்தினேன். இன்றைக்கும் கீழ்த்தளத்தில் சட்டை மடிக்கிறாள்.

நீ செய்ததை நீ எழுதிவிட்டாய். நான் செய்ததை நான் யாருக்கு எழுதுவது?

உன் ஏற்பாடு எதுவும் எனக்கு வேண்டாம். பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, எங்களுக்கு லீவு. வா. எனக்கு எழுதியதை ரத்னா முன்னால், நைனா முன்னால் வாயால் சொல். நான் சொன்னால், அக்கா சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று நினைப்பாள்.

தேவானை

வேளச்சேரி
18-4-1998

ரஞ்சனிக்கு,

நீ வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். வந்தாய். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றுகொண்டே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். அதற்கு மேல் இங்கே நடந்தது உனக்கே தெரியும். நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கி உனுக்கு இன்னா வயசும்மா?" நீ பதினேழு என்றாய். "இவுளுக்கும் இப்ப அதே வயசுதாம்மா" என்று ரத்னாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம்வரை திரும்பி வரவில்லை.

நீ போன பிறகு ரத்னா என்னிடம்தான் வந்தாள். "அவங்க யாரோ. நீ என் அக்கா. நீ எப்டி அப்டி சொன்ன?" என்று கேட்டாள். நாலு நாள் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வந்தோம், அவள் முன் சீட்டில், நான் பின்னால். வியாழக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "டென்த்து பிரைவேட்டா எழுதலாமாமே, டுடோரியல்ல கேட்டேன். ஜூன்ல சேர்றேன். சாய்ங்காலம் என் கவுன்டரையும் நீயே பாத்துக்க" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதற்குமேல் அவள் நிற்கவில்லை, முன்னால் நடந்துவிட்டாள்.

அவள் என்னை மன்னிப்பாளா தெரியாது. மன்னித்தால், அது எப்படி என்று பார்த்துக் கற்றுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். அதுவரை நீ எழுத வேண்டாம்.

தேவானை