கிரகத்தைக் காலி செய்த குழாய்

என் அன்புக்கும், அதைவிட அதிகமாக என் பயத்துக்கும் உரிய மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அப்பா நம்பமாட்டார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்ப ஆள் கிடையாது. ஆகவே ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே படி.

வேற்றுக் கிரகம் ஒன்றில் உயிர்களைக் குடியேற்றி, ஐந்தே வாரத்தில் அவற்றைப் பூண்டோடு காலி செய்த முதல் மனிதன் உன் மாமன்தான். பேரரசர்கள் படை திரட்டிச் செய்ததை நான் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்துச் செய்தேன்.

உன் கடிதம் வந்தது. பத்திரிகையைப் படித்துவிட்டு நீ எழுதியிருந்த வரியை நான்கு முறை படித்தேன். “அம்மா இப்படியா கோட்டை விடுவாங்க? இங்க காலேஜ்ல எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க மாமா. அம்மா போன் பண்ணினா எடுக்கவே கூசுது.” அதனால்தான் இந்த மடல்.

நான் இந்த ஆய்வகத்தின் கண்ணாடி ஊதுபவன். ‘ஊதுகுழல்’ என்பது இங்கே எனக்கிட்ட பட்டம். என் மூச்சு நின்றால் இங்கே விஞ்ஞானமே நின்றுவிடும். இதை இயக்குநரே ஒப்புக்கொள்வார், கேட்டால் மறுப்பார். என் தங்கை, அதாவது உன் அம்மா, மாடியில் விஞ்ஞானியாக இருக்கிறாள். அவள் ஆராய்கிற தூரத்துக் கிரகம் தன் நட்சத்திரத்தைக் கடக்கும்போது, நட்சத்திரத்தின் ஒளி கிரகத்தின் காற்றுக்குள் புகுந்து வருகிறது. காற்றிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த நிறத்தைக் கடித்துத் தின்னும்; வரைபடத்தில் அந்த இடம் பள்ளமாக விழும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் இத்தனை அழகாக எவனும் சொல்லியிருக்கமாட்டான்.

அவள் பார்த்தது இரண்டு பள்ளம். நம் கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விடுகிற ஒரு வாயு இருக்கிறதே, அதுவோ என்று சந்தேகம். சரிபார்க்க அதே வாயுவை ஒரு குழாயில் அடைத்து, அதற்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கவேண்டும். குழாய் செய்வது யார்? உன் மாமன். குழாயிலும் அதே இரண்டு பள்ளம் விழுந்தது. இரண்டு சாட்சி! அன்று இயக்குநர் ஓடிய ஓட்டத்தில் மூன்றாம் மாடிப் படிகள் இரண்டாம் மாடிக்கு இறங்கிவிட்டன. மறுநாள் உலகப் பத்திரிகைகள் அத்தனையிலும் உன் அம்மாவின் படம். பக்கத்தில் என் முழங்கை.

இதில் ஒரு விதி உண்டு. எந்தக் குழாயும் அடைப்பதற்குமுன் பத்து மணிநேரம் சூளையில் வேகவேண்டும். அதில் ஒட்டியிருக்கிற எல்லாம் ஆவியாகிப் போகும். அன்று சூளை காலியில்லை. உள்ளே உன் பிறந்தநாளுக்கு நான் ஊதிய கண்ணாடி அன்னம் ஆறிக்கொண்டிருந்தது. ஆமாம், உன் மேசையில் இருக்கிற அந்த வாத்து. அவசரத்தில் வெளியே எடுத்தால் கழுத்தில் விரிசல் விட்டுவிடும். மேலே உன் அம்மாவோ, “அண்ணா, குழாய் ரெடியா?” என்று மணிக்கு எட்டுத் தடவை ஆள் விட்டுக்கொண்டிருந்தாள். நான், நகச்சாயம் அழிப்பார்களே, அந்த அசிட்டோனை விட்டு ஒரு அலசு அலசி, காற்றடித்து, கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஐந்தாவது வாரம் வேறொரு ஆய்வகம் சோதித்துப் பார்க்க இன்னொரு குழாய் கேட்டது. இந்த முறை பத்து மணிநேரம் வேகவைத்தேன். அதில் ஒரு பள்ளம்தான் விழுந்தது. இரண்டாவதைக் காணோம்.

“புதுக் குழாய் சரியில்ல. ஊதுகுழலுக்கு வயசாயிடுச்சு” என்று மாடியில் தீர்ப்பாகிவிட்டது. பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும் மருமகளே. நான் சிங்கத்தைப் போல் மாடிக்கு ஏறினேன். அதாவது, அவள் அறை வாசலில் முக்கால் மணிநேரம் நின்று, தீயணைப்புக் கருவியின் மேல் எழுதியிருந்ததை மனப்பாடம் செய்துவிட்டு, உள்ளே போனேன்.

சொன்னேன். அவள் கத்துவாள், மேசையைப் புரட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பதினொரு வருட உழைப்பு. அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள்: “எவ்வளவு அசிட்டோன் அண்ணா? சொட்டுக் கணக்குல சொல்லு.”

அன்று மாலைக்குள் மூன்றாவது குழாயில் அதே அளவு அசிட்டோனை வேண்டுமென்றே தடவி, அந்தப் பள்ளத்தைத் தன் கையாலேயே வரவழைத்துக் காட்டினாள். அந்த வாயு போடுவது ஒரு பள்ளம்தான்; மற்றது என் அசிட்டோன் போட்டது. சாட்சிகளில் ஒன்று பொய்ச்சாட்சி, அழைத்து வந்தவன் நான். யாரும் கேட்பதற்குமுன் அவளே அதைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். “நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா, மிச்சமிருக்கிற ஒண்ணையும் எவனும் நம்பமாட்டான்” என்றாள்.

மாநாட்டு மண்டபத்தில் ஏழு லட்சம் விஞ்ஞானிகள். சரி, எழுநூறு. உன் அம்மா மேடையேறி, வணக்கம் சொல்லி, முதல் படத்திலேயே தன் கண்டுபிடிப்பின் பாதியைக் கோடு போட்டு அடித்தாள். நான் உலகத்தின் பெரிய பயில்வான்களைப் பார்த்திருக்கிறேன். மலையைத் தூக்கியவன் ஒருவன் எனக்கு நண்பன். அப்படி நிமிர்ந்து நின்ற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. குரல் நடுங்கவில்லை.

முன்வரிசையில் அவளைப் பல வருடமாகக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு பேராசிரியர் எழுந்தார். “குழாயைச் சுத்தம் பண்ணினது யாரு?” என்றார். நான் கடைசி வரிசையில் பாதி எழுந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். உன்னைச் சின்ன வயதில் பார்ப்பாளே, ‘உக்காரு’ என்று, அந்தப் பார்வை.

“நான்தான்” என்றாள்.

அதைத்தான் நீ பத்திரிகையில் படித்தாய்.

வெளியே வந்து நான் சண்டை போட்டேன். “உன் பேரைச் சொன்னா வேலையை விட்டே தூக்குவாங்க. என் பேரைச் சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்ணா” என்றாள். அதோடு நிறுத்தாமல், “அடுத்த தடவை வாத்தை வீட்டு அடுப்புல வேகவை” என்றும் சொன்னாள்.

மறுநாளே மாடிக்குப் போய்விட்டாள். முதல் பள்ளம் இன்னும் அங்கேயே இருக்கிறது. எத்தனை குழாய் வேகவைத்தாலும் அசையவில்லை. உயிர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவள் ‘லாம்’ என்றுதான் சொல்கிறாள். என்னைக் கேட்டால், அங்கே இப்போதே முனிசிபாலிட்டித் தேர்தல் நடக்கிறது.

இதை உன்னிடம் சொல்லக்கூடாதென்று அவள் கட்டளை. நம் குடும்பத்தில் பொய் சொல்வது என் இலாகா. அவள் அதில் கைவைத்ததே இல்லை. அன்று எழுநூறு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை வைத்தாள். இன்று மாலை அவளுக்கு நீயே போன் போடம்மா. முதல் மணியிலேயே எடுப்பாள். நீ எடுக்காமல் விட்ட நாளிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள்.

நீ நீடூழி வாழ்க. பட்டம் மேல் பட்டம் பெறுக. மலையைத் தூக்கிய நண்பனும், இறங்கி ஓடிய படிகளும், தேர்தலும் நான் அளந்தவை; நீ நம்பவேண்டாம். அந்தக் குழாயை அலசியது நான்தான் என்பது மட்டும் நிஜம்.

என்றும் உன்,
மாமா