வந்த சேதி என்ன?

குமாசி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாஃபோருக்கு அஃப்ரியே எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் நலம். கப்பல் சோற்றைப் பற்றி நீங்கள் புலம்பியதைப் படித்துச் சிரித்தேன், பாவமாகவும் இருந்தது.

என் வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அது தெரிந்த பிறகுதான் கப்பலை விட்டு ஊரோடு வருவதைப் பற்றி யோசிக்க முடியும் என்றும் எழுதியிருந்தீர்கள். கேளுங்கள் கதையை.

எங்கள் சோப்புக் கம்பெனியை ஜோகன்னஸ்பர்க்காரர்கள் வாங்கியதிலிருந்து, "ஒண்ணும் மாறாது, யாரும் பயப்படாதீங்க" என்று மேனேஜர் அம்போஃபோ தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லச் சொல்ல எங்களுக்குப் பயம் கூடியது. நேற்று அவர்களுடைய அதிகாரி மசேகோ வந்து இறங்கினார். வரவேற்பில் நான்தானே? உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும், "இங்க எல்லாரும் சுகம். நீங்க வந்த சேதி என்னங்க?" என்றேன். காரணம் ஊருக்கே தெரிந்திருந்தாலும் கேட்பதுதானே மரியாதை. நம் ஆளாக இருந்தால், "கெட்ட சேதி ஒண்ணுமில்ல, சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்" என்று ஆரம்பித்திருப்பார்.

அந்த மனுஷனுக்கு இந்த வழக்கம் தெரியாது. ரகசியம் வெளியே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்து, "யாரும்மா உங்ககிட்ட சொன்னது? வரவேற்பு வேலையை மட்டுந்தான் எடுத்துடப் போறோம். ஃபோனெல்லாம் ஜோகன்னஸ்பர்க்லயே பேசிப்பாங்க" என்று கொட்டிவிட்டார். அவரை வரவேற்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்போஃபோ தன் கையிலிருந்த தண்ணீரை டை மேலேயே ஊற்றிக்கொண்டார். போகப் போவது என் வேலைதான், பாஃபோர்.

பேக்கிங் பிரிவு டூஃபியே அக்கா விடுவாரா? விருந்தாளி சேதி சொன்னால் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இவளை அனுப்பிட்டா, நாளைக்கு உங்களைத் தேடி வர்றவன் எதுக்கு வந்திருக்கான்னு யாரு ராசா கேட்டுச் சொல்லுவா?" என்றார்.

மசேகோவுக்கு அது உறைத்துவிட்டது. அடுத்த வாரம் அவருக்கு மேலே இருப்பவர்கள் வருகிறார்களாம். எதற்கென்று அவரிடமே சொல்லவில்லையாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்களையும் இதே மாதிரி கேப்பீங்களா?" என்றார். தண்ணீர் கொடுத்துத் தாராளமாகக் கேட்பேன் என்றேன். வரவேற்பு அப்படியே இருக்கட்டும் என்று மாலையே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஆகவே, இனி உங்களிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை. கடைக்குட்டி உங்களைப் படத்தில்தான் பார்க்கிறாள். கடவுள் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். நீங்கள் வந்ததும் உங்களையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். வந்த சேதி என்னவென்று கேட்பேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள்,
அஃப்ரியே