மணத்தோழியின் சாட்சியம்

மெக்காய், குயின்ஸ்லாந்து
9 ஜூன் 1985

அன்புள்ள நோரீன்,

நலமா? லான்செஸ்டனில் இந்த ஜூன் குளிருக்கு உறைபனி விழுந்திருக்கும். இங்கே கரும்பாலை ஓட ஆரம்பித்துவிட்டது. கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல். மறுபடி துவைக்க மனமில்லாமல், அதை அப்படியே விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

டெஸ்மண்ட் கேட்டுவிட்டார். ரயில்வேயில் இருக்கிறாரே, மனைவியை இழந்தவர், அவர்தான். “பதிவாளர் ஆபீஸ்ல பத்து நிமிஷ வேலை ஜொவானா. எதுக்கு இழுத்தடிக்கிற?” என்கிறார். எனக்குக் கோயிலில்தான் வேண்டும்.

சென்சுவும் நானும் விவாகரத்து வாங்கி மூன்று வருடமாகிறது, அதுவே போதும் என்று நினைத்துப் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் சொன்னார்: “அது அரசாங்கத்தோட கணக்கும்மா. வீடு யாருக்கு, பொண்ணு யாரோட, எல்லாம் முடிஞ்சுது. அந்தத் தாள் இல்லாம, பழைய கல்யாணம் செல்லாதுங்கிற மனுவை நாங்க வாங்கவே மாட்டோம். ஆனா கோயில்ல மறுபடி கட்டணும்னா நாங்க கேக்கிறது வேற. அன்னைக்குப் பீடத்துக்கு முன்னாடி நடந்தது உண்மையிலேயே கல்யாணமா, இல்லையா?”

அரசு கோர்ட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பன்னிரண்டு மாதம் பிரிந்து இருந்தீர்களா? யார் மேல் தப்பு என்றுகூடக் கேட்கவில்லை. திருச்சபை நீதிமன்றத்தாரோ, இருபத்திரண்டு வயதில் ஒரு சனிக்கிழமை காலையில் என் மனதில் என்ன இருந்தது, அவர் மனதில் என்ன இருந்தது என்று பதினான்கு பக்கம் கேட்டிருக்கிறார்கள்.

விவாகரத்து ஆனதிலிருந்து பூசையில் நற்கருணை அப்பம் வாங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வந்தேன் இல்லையா? “யாரு உனக்குச் சொன்னது? கோயிலுக்கு வெளியில மறுபடி கட்டிக்கிட்டாத்தான் நற்கருணை கிடையாது” என்கிறார். மூன்று வருடம் வீணாகப் பட்டினி கிடந்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்களை அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டுமாம். மணத்தோழியை விட்டால் வேறு யார்? உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கேள்வித்தாள் வரும். தெரிந்ததை எழுது.

உன்
ஜொவானா


மெக்காய்
4 ஆகஸ்ட் 1985

அன்புள்ள நோரீன்,

எட்டு வாரமாகப் பதில் இல்லை. இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், உன் கணவர் எடுத்து நீ குளிக்கிறாய் என்றார். இரண்டு முறையுமா குளித்தாய்?

இங்கே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மரீஸிடம் விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, “அப்போ நான் யாரும்மா? கல்யாணமே இல்லேன்னா நான் எப்படி வந்தேன்?” என்று கேட்டாள். பத்தொன்பது வயதுப் பெண். சாமியார் சொன்னதை அப்படியே சொன்னேன், பிள்ளைகளின் நிலை இதனால் எள்ளளவும் மாறாது, நீ முறையான மகள்தான் என்று. “அது அவங்க சட்டம். நான் கேக்கிறது உன்கிட்ட” என்றாள். அவள் வைத்த தட்டை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

போன செவ்வாய் சென்சு பள்ளிக்கூட உணவகத்துக்கே வந்துவிட்டார். அவருக்கும் கேள்வித்தாள் போயிருக்கிறது. பஸ்தீட்சி பலகாரத்துக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன். “சேர்ந்திருந்த பதினாறு வருஷமும் ஒண்ணுமில்லேன்னு என்னை எழுதித்தரச் சொல்றியா?” என்று கத்தினார். அப்படி யாரும் கேட்கவில்லை, கல்யாணத்தன்றைக்கு உங்கள் மனதில் இருந்ததை மட்டும்தான் கேட்கிறார்கள் என்றேன். சட்டென்று குரல் இறங்கிவிட்டது. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், “அதை நோரீனைக் கேளு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உன்னை எதற்குக் கேட்க வேண்டும்?

ஜொவானா


லான்செஸ்டன், டாஸ்மேனியா
20 ஆகஸ்ட் 1985

அன்புள்ள ஜொவானா,

கோபிக்காதே. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரண்டு பேர் விடுப்பு, வேலை கழுத்தை நெரிக்கிறது. தாள் வந்தது. அலமாரி மேல் இருக்கிறது.

எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? காலையில் மழை பெய்தது. உன் அம்மா என் தலையில் அத்தனை கொண்டை ஊசி குத்தினார். அவ்வளவுதான். இருபத்தோரு வருடம் ஆகிவிட்டதடி. டெஸ்மண்ட் சொல்வதுபோலப் பதிவாளரிடமே போனால் என்ன? கடவுளுக்கு உன்னைத் தெரியாதா? பழையதைக் கிண்டி யாருக்கு என்ன லாபம்?

சென்சு எதையோ நினைத்துச் சொல்லியிருப்பான். விடு.

அன்புடன்
நோரீன்


லான்செஸ்டன்
13 அக்டோபர் 1985

ஜொவானா,

தாளை நிரப்பி நேற்று தபாலில் போட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் சாட்சியங்களை உனக்கும் காட்டுவார்களாம். அதற்கு முன் நீ இதை என் வாயால் கேட்க வேண்டும். போன கடிதத்தில் எழுதியது பொய்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை மத்தியானம், சென்சு நான் வேலை செய்த துணிக்கடைக்கு வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. “நோரீன், எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்” என்றான். “அப்பாதான் பிடிவாதமா நிக்கிறாரு. மாட்டேன்னா நிலம் முழுக்கத் தம்பிக்காம், வீட்டுப்படி ஏறக் கூடாதாம். நேத்து பெல்ட்டைக் கையில எடுத்துட்டாரு. ஜொவானா நல்ல பொண்ணு. அவ மேல எனக்கு அப்படி எதுவும் தோணல. என்னால அவ முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது. நீ சொல்லு. அவ நிறுத்தினா நின்னுரும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கல்யாணத்துக்கு முந்தி எல்லா ஆம்பளைக்கும் வர்ற நடுக்கம் இது. இருநூறு பேருக்குச் சொல்லியாச்சு. போய் முடி வெட்டிக்கோ.”  அவனும் போய் முடி வெட்டிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீ கல்யாண முக்காட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ அழுவதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்குமா என்று தேடிப் பார்த்துவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. பிறகு நீ எழுதினாய், அவர் பேசுவதில்லை, தொட்டால் சுருங்குகிறார், என்னிடம் என்ன குறை என்று. வருடத்துக்கு நாலு கடிதம். ஒவ்வொன்றுக்கும் பொறுத்துப் போ என்று பதில் எழுதினேன். தெரிந்துகொண்டே எழுதினேன்.

 நீ திட்டினால் நல்லது.

நோரீன்


மெக்காய்
16 நவம்பர் 1986

நோரீன்,

ஒரு வருடம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். பன்னிரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தீர்ப்பு வந்துவிட்டது. திருச்சபையின் இரண்டாவது நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சென்சுவின் சம்மதம் அவராக மனமுவந்து கொடுத்ததல்ல, பயத்தில் கொடுத்தது, ஆகவே திருமணம் செல்லாது. உன் தாளுக்குப் பிறகு அவரும் சாட்சி சொன்னார். அன்று வெளியே படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். “அப்பாவுக்குப் பயந்தேன். அப்புறம் உனக்குப் பயந்தேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று முயன்றுகூடப் பார்த்தேன்.

மரீஸுக்கும் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதினாறு வருடமும் நடந்ததுதான், நீ நடந்தாய், உன்னைக் கையில் வாங்கியபோது உன் அப்பா அழுததும் நடந்தது, நானே பார்த்தேன் என்றேன். எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

எனக்குத்தான் மனம் ஓயவில்லை. பதினாறு வருடம் என்னில் ஏதோ கோளாறு என்று இருந்தேன். உடம்பை இளைக்க வைத்தேன், முடியை மாற்றினேன், அவர் அம்மாவிடம் சமையல் கற்றேன், நவநாள் ஜெபம் செய்தேன். ஒவ்வொன்றையும் உனக்கு எழுதினேன். நீ அதையெல்லாம் எங்கே உட்கார்ந்து படித்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

உன் நாலு பக்கச் சாட்சியம் இல்லாமல் இந்தத் தீர்ப்பு இல்லை. அதற்கு நன்றி. மனதாரத்தான் எழுதுகிறேன்.

ஜனவரி பத்தாம் தேதி கோயிலில் கல்யாணம். மரீஸ் என் பக்கத்தில் நிற்கிறாள். உனக்கு அழைப்பு அனுப்பவில்லை.

இனி எழுத வேண்டாம், நோரீன். உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரித்துவிடுவேன். பிரித்தால் பதில் எழுதிவிடுவேன். எனக்கு அது தெரியும்.

ஜொவானா