வாசலில் கட்டிய கறுப்பு நூல்

அன்புள்ள கரீம் பாய்க்கு,

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு, பாலாறு இரு கரையும் தொட்டு ஓடுவதைப் பாலத்தில் நின்று பார்த்தோமே, அந்த வருஷம். என் கொட்டகைச் சுவர் ஊறி விழுந்தது அப்போதுதான். பலூன் சுடும் கடைக்கு என்னிடம் இருந்த ஒரே ஏர் கன் அதன் அடியில் சிக்கி, குழல் வளைந்துவிட்டது.

கொரோனாவால் திருவிழாவே இல்லாமல் கிடந்து, அப்போதுதான் தர்கா உரூஸ் வரப்போகிறது. துப்பாக்கி இல்லாமல் என்னத்தைக் கடை போடுவது? உங்களிடம் வந்து அழுதேன்.

"பேரல்தானேடா வளைஞ்சிருக்கு, ஆளா செத்துட்டாங்க? கொண்டா இங்க."

தோல் தொழிற்சாலையில் ஆயுசுக்கும் ஃபிட்டராக இருந்த கை அது. வீட்டு வாசலுக்குக் குறுக்கே கறுப்பு நூல் ஒன்றைக் கட்டினீர்கள். குழல் வழியாக அதைப் பார்த்தால், நூலின் நிழல் உள்ளே கோடாக விழும். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே கோணல். அந்த இடத்தில் தோல் துண்டை மடித்து வைத்து, மரச் சுத்தியால் ஒரு தட்டு. மறுபடி ஒரு பார்வை. என்ன பொறுமை பாய் உங்களுக்கு!

"ஏங்க, குனிஞ்சி குனிஞ்சி போயி இடுப்பு பேஜாராப் போச்சி. நூலக் கழட்டுவீங்களா மாட்டீங்களா?" என்றார் அண்ணி.

"பின்வாசல்ல போயேன்."

"நம்ம வூட்ல பின்வாசல் எங்க இருக்குது?"

சாயங்காலம் மதிலில் பலூன் கட்டிச் சுட்டுப் பார்த்தேன். தப்பியது. மறுபடியும் தப்பியது. "இன்னா பாய், நேராக்கினீங்களா, கெடுத்தீங்களா?" என்று கத்திவிட்டேன். உங்கள் முகம் வாடிப்போனது.

நூலுக்கு அடியில் குனிந்து அண்ணி வந்தார். "குடு தம்பி." துப்பாக்கியைத் தொட்டே அறியாதவர். முதல் ரவைக்கே பலூன் வெடித்தது. அவரே அலறிவிட்டார்.

நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். "செவுரு வுழறதுக்கு முன்னாலயே இந்த பேரல் எடப்பக்கம் இழுத்துச்சி. நீ வலப்பக்கம் தள்ளியே குறி வெச்சிப் பழகிட்ட. பேரல நேராக்கிட்டேன் முனிசாமி, உன் கையத்தான் இன்னும் நேராக்கல."

இப்போது என் கடையில்தான் பலூன் ஜாஸ்தி வெடிக்கிறது, கூட்டமும் ஜாஸ்தி. "பெருசு, நேரா சுடுற துப்பாக்கிய வெச்சிக்கினு எப்டி பொழைக்கிற?" என்கிறான் பக்கத்துக் கடைக்காரன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். அவளைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்: அந்தக் குழலை வேறு யாரையும் தட்ட விடமாட்டேன். ஒவ்வொரு உரூஸுக்கும் முன்னால் உங்கள் வாசலில் நூல் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடை திறப்பேன்.

ஆனால் என் கைக்குப் பழைய கோணல் இன்னும் போகவில்லை. முதல் ரவையைச் சுட்டு, குழல் நேராகத்தான் இருக்கிறது என்று சொல்ல அன்றைக்கு நின்றவர்களில் எனக்கு மிச்சம் ஒரே ஆள்தான் பாய். ஷாகிரா அண்ணி.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
முனிசாமி