படலம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை உன் வீட்டுக்காரரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

மருந்து ஏற்ற அம்மாவின் கழுத்து நரம்பில் போட்டிருக்கும் குழாய்க்குள் ஈஸ்ட் பூஞ்சை படலம் கட்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நான் வளர்க்கும் அதே பூஞ்சைதான். ஒரே ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் அதற்குப் படலம் கட்டத் தெரியாது; தண்ணீர் ஊற்றினாலே தட்டிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். அதைச் செய்துகாட்டி எல்லோரிடமும் பாராட்டு வாங்கியவள் நான். அம்மாவின் உடம்புக்குள் போய் அதை நீக்க என்னால் மட்டுமல்ல, யாராலும் முடியாது. ஏற்றுகிற மருந்தெல்லாம் படலத்துக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

சொன்னதும் அம்மா சிரித்தாள். "இத்தனை வருஷமா அதுக்குச் சோறு போட்டு வளர்த்தியே, உன் அம்மான்னு தெரிஞ்சுதான் வந்து ஒட்டிக்கிச்சு போல."

நாளைக் காலை குழாயை எடுக்கப் போகிறார்கள். விட்டுவைத்தால் கிருமி இரத்தம் முழுக்கப் பரவிவிடும். எடுத்துவிட்டால் மருந்து ஏற்ற வேறு நல்ல நரம்பு இல்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"அக்கா இருக்கா."

"இன்னைக்கே வரச் சொல்லிடுங்க."

உன் கல்யாணத்துக்கு அம்மா வராததற்கு நான் நியாயம் சொல்ல மாட்டேன். அவளும் உன்னை வரச் சொல்லிக் கேட்கவில்லை. அவள் வீம்பு உனக்குத் தெரியாததா. ஆனால் நான் அறைக்கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் பார்க்கிறாள்.

உன் தங்கை